கால் எரிச்சல், கிளியா செல்கள், அதிமதுரம்: தண்டுவடத்துக்குள் நடப்பது என்ன?

கேள்வி சுருக்கமாக இது. சாயல்குடிப் பக்கம் பனையேறும் அப்பா, இரண்டு வருடத்துக்கு முன் பதநீர்ப் பருவத்தில் மரத்திலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டவர். தொப்புளுக்குக் கீழே தொட்டால் தெரிவதில்லை. ஆனால் அதே கால்களில்தான் இரவெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிச்சல். நரம்பு வலிக்கான பிரிகாபாலின் மாத்திரை சாப்பிட்டும் பாதிதான் குறைகிறது. விலங்கியல் முதுகலை படிக்கும் மகள், தண்டுவடத்தில் நரம்பு செல்களான நியூரான்களுக்குத் துணையாக இருக்கும் கிளியா செல்களுக்கு இடையே உள்ள கேப் ஜங்ஷன்கள், அதாவது செல்லுக்குச் செல் போகும் நுண்துளைகள், வழியாக வலி பரவுகிறது என்றும், கார்பினாக்சலோன் கொடுத்து அவற்றை அடைத்தால் எலிகளுக்கு வலி குறைகிறது என்றும், அந்த மருந்து அதிமதுரத்திலிருந்து வந்தது என்றும் படித்திருக்கிறார். நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரப் பொடி வாங்கித் தினமும் கொடுக்கலாமா, இதைத் தன் கல்லூரி ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்க முடியுமா என்பவை அவர் கேட்கும் இரண்டு கேள்விகள்.

முதல் கேள்விக்குப் பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் படித்த மூன்று செய்திகளும் தனித்தனியே ஓரளவு சரிதான், ஆனால் அவற்றைக் கோத்து வைத்தியமாக்க முடியாது. காரணம் புரிய வேண்டுமானால் கேப் ஜங்ஷனின் அமைப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

கனெக்சின் என்ற புரதம் ஆறு சேர்ந்து, நடுவே துளையுள்ள ஒரு வளையமாகிச் செல்லின் சவ்வில் உட்காரும். இதற்கு ஹெமிசேனல், அதாவது அரைக் கால்வாய், என்று பெயர். பக்கத்துச் செல்லின் அரைக் கால்வாய் நேர் எதிரே வந்து பொருந்தினால் பன்னிரண்டு கனெக்சின் கொண்ட முழுக் கால்வாய் உருவாகும். அந்த இடத்தில் இரண்டு சவ்வுகளுக்கும் இடையே 2 முதல் 4 நானோமீட்டர் இடைவெளிதான் இருக்கும். பழைய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்கு இப்படித்தான் இருந்தது: இரு பக்கத்துக் கைகளும் இறங்கி நடுவில் சேர்ந்தால் மட்டுமே ரயில் போக முடிந்தது. சேராமல் ஒரு கை மட்டும் திறந்து நின்றால் என்ன ஆகும் என்பதில்தான் உங்கள் அப்பாவின் வலி பற்றிய விஷயம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தத் துளை வழியாகச் சுமார் 1000 டால்டன் (மூலக்கூறு எடைக்கான அலகு) எடை வரையுள்ளவை நுழையும். பொட்டாசியம் அயனி, குளுக்கோஸ், லாக்டேட், குளூட்டமேட், செல்லுக்குள் செய்தி சொல்லும் ஐபி3, செல்லின் ஆற்றல் மூலக்கூறான 507 டால்டன் எடையுள்ள ஏடிபி எல்லாம் போகும். புரதங்களும் ஆர்என்ஏ போன்ற நீண்ட மூலக்கூறுகளும் போகாது. மனிதனில் கனெக்சின் மரபணுக்கள் 21. பெயருக்குப் பின்னால் வரும் எண் கிலோடால்டனில் அதன் எடை. கனெக்சின் 43 என்றால் சுமார் 43 கிலோடால்டன்.

எந்தச் செல்லில் எந்தக் கனெக்சின் என்பது முக்கியம். நியூரான்களைச் சுற்றிப் பராமரிக்கும் நட்சத்திர வடிவக் கிளியாவான ஆஸ்ட்ரோசைட்டில் 43-ம் 30-ம். நரம்பு இழைகளுக்கு மயலின் உறை சுற்றும் ஒலிகோடென்ட்ரோசைட்டில் 47-ம் 32-ம். நியூரான்களுக்கு இடையே பெரும்பாலும் 36. எதுவும் எதனோடும் சேர்ந்துவிடாது. ஆஸ்ட்ரோசைட்டின் 43 ஒலிகோடென்ட்ரோசைட்டின் 47-ஓடு சேரும், 30 என்றால் 32-ஓடு சேரும். 43-ஐயும் 32-ஐயும் எதிரெதிரே வைத்தால் வேலை செய்யும் கால்வாய் வராது. நரம்பு மண்டலத்தின் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியா அமைதியாக இருக்கும்போது இந்த வலையில் ஏறக்குறைய சேருவதே இல்லை. அவை ஏடிபி போன்ற வெளிச் செய்திகளைக் கேட்டு வேலை செய்பவை. ஆகவே "கிளியா செல்கள் எல்லாம் இணைந்தவை" என்று எங்காவது படித்தால் அதை "ஆஸ்ட்ரோசைட்டுகளும், அவற்றோடு ஒலிகோடென்ட்ரோசைட்டுகளும்" என்று திருத்திக்கொள்ளுங்கள். 

அடிபடாத தண்டுவடத்தில் இந்த வலை செய்வது பெரிய பராமரிப்பு வேலை. நியூரான் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் பொட்டாசியம் வெளியே வருகிறது. செல்களுக்கு வெளியே அது சுமார் 3 மில்லிமோலார்தான் இருக்க வேண்டும். 10-ஐத் தொட்டால் பக்கத்து நியூரான்கள் காரணமில்லாமலே துடிக்கத் தயாராகிவிடும். ஆஸ்ட்ரோசைட் தன் கேஐஆர்4.1 என்ற பொட்டாசியம் கால்வாய் வழியாக அதை உள்ளே வாங்கி, கேப் ஜங்ஷன் வழியாகப் பொட்டாசியம் குறைவாக உள்ள இடத்துக்குத் தள்ளிவிடும். கிளியா செல்கள் ஒன்றோடொன்று மின்சார ரீதியாக இணைந்தவை என்பதையும், நரம்பு துடிக்கும்போது வெளியாகும் பொட்டாசியத்துக்கு அவை ஈடுகொடுப்பதையும் 1966-ல் குஃப்ளர், நிக்கோல்ஸ், ஆர்க்கண்ட் மூவரும் நெக்டூரஸ் என்ற வாலுள்ள நீர்நில வாழ்வியின் பார்வை நரம்பில் காட்டினார்கள். தண்டுவடத்தின் வெள்ளைப் பகுதியில் இந்த இணைப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எலிகளே சாட்சி. 32, 47 இரண்டையும் நீக்கிய சுண்டெலிகள் மயலின் கெட்டு ஆறு வாரம் அளவில் இறந்துவிடுகின்றன. ஆஸ்ட்ரோசைட்டின் 43, 30 இரண்டையும் நீக்கினாலும் வெள்ளைப் பகுதியில் குழி குழியாக விழுகிறது. மனிதனில் 47-ன் மரபணு கெட்டால் மயலின் சரியாக உருவாகாத, பெலிசேயஸ் மெர்ஸ்பாக்கர் போன்ற நோய் வருகிறது. கேப் ஜங்ஷனை ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் இந்த எலிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி வலி. ஒரு தவறான படத்தை முதலில் கலைத்துவிடலாம். காலிலிருந்து மூளைக்கு வலியைத் தூக்கிக்கொண்டு போவது கிளியா அல்ல, நியூரான்தான். ஆஸ்ட்ரோசைட்டுகளில் ஓடும் கால்சியம் அலையின் வேகம் விநாடிக்கு 10 முதல் 20 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் கடக்கவே ஒன்று, ஒன்றரை நிமிடம் வேண்டும். அவ்வளவு தூரமும் போகாது, பெரும்பாலும் சில நூறு மைக்ரோமீட்டரில் ஓய்ந்துவிடும். அப்படியானால் கிளியாவின் பங்கு என்ன? வலி முதலில் வந்து இறங்கும் தண்டுவடத்தின் பின்கொம்பில், நியூரான்கள் எவ்வளவு எளிதில் துடிக்கும் என்ற அளவை ஏற்றி இறக்குவது. அளவு கூடினால் சாதாரணத் தொடுதலும் வலியாகிறது, வராத செய்தியும் வந்ததாகிறது. எலியின் ஒரு காலின் நரம்பில் அழற்சி உண்டாக்கினால் அடிபடாத மறு காலிலும் வலி தோன்றுவதுண்டு. 2004-ல் வந்த ஓர் ஆய்வில் தண்டுவட நீரில் கார்பினாக்சலோன் செலுத்தியபோது அந்த மறுகால் வலி தணிந்தது. நீங்கள் படித்த செய்தியின் வேர் பெரும்பாலும் இந்த வகை ஆய்வுகள்தான்.

தண்டுவடத்தில் அடிபட்ட சுண்டெலிகளில் கிளியா ஆய்வாளர் மைகென் நெடர்கார்டு குழுவினரும் சேர்ந்து செய்த 2012 ஆய்வு உங்கள் அப்பாவின் நிலைக்கு இன்னும் நெருக்கமானது. ஆஸ்ட்ரோசைட்டில் 43, 30 இரண்டும் இல்லாத எலிகளுக்கு, அடிபட்டு நாலு வாரம் ஆன பிறகும் அந்த நாட்பட்ட வலி வரவில்லை. 30 மட்டும் இல்லாமல் 43 இருந்த எலிகளுக்கு வந்தது. ஆக, குற்றவாளி 43 பக்கம் இருக்கிறது. ஆனால் 43 எந்த வேலையால் குற்றம் செய்கிறது? முழுக் கால்வாயாக நின்றா, அரைக் கால்வாயாக நின்றா?

2014-ல் நரம்புக் காய எலிகளில் செய்த ஆய்வு இரண்டாவதைக் கைகாட்டியது. காயத்துக்கு மூன்று வாரம் கழித்து, வலி நிலைத்துவிட்ட கட்டத்தில், பின்கொம்பு ஆஸ்ட்ரோசைட்டுகளில் 43 கூடியிருந்தது. அழற்சிப் பொருளான டிஎன்எஃப்-ஆல்ஃபா படும்போது ஆஸ்ட்ரோசைட்டுகள் சிஎக்ஸ்சிஎல்1 என்ற கீமோகைனை (செல்களுக்கு அழற்சிச் செய்தி சொல்லும் புரதத்தை) கூடுதலாக வெளியிட்டன. அந்த வெளியீடு நடந்தது செல்லுக்குச் செல் பாயும் இணைப்பால் அல்ல, ஜோடி சேராமல் வெளியைப் பார்த்துத் திறந்த ஹெமிசேனலைச் சார்ந்து. கீமோகைன் பக்கத்து நியூரானின் மேல் பட்டு அதை முறுக்கேற்றுகிறது. சாதாரண நிலையில் இந்த அரைக் கால்வாய்கள் பெரும்பாலும் மூடியே இருக்கும். வெளியில் கால்சியம் குறைந்தால், அழற்சி இருந்தால், ஆக்சிஜன் தட்டுப்பட்டால் திறக்கும். அடிபட்ட தண்டுவடத்தில் முதல் சில நாளில் இந்த மூன்றும் சேர்ந்தே இருக்கும். அப்போது ஹெமிசேனல் வழியாக ஏடிபி கசிந்து, அடிபடாத பக்கத்துத் திசுவுக்கும் சேதம் பரவுகிறது. கனெக்சின் 43-ஐக் குறிவைக்கும் பெப்டைடுகளை எலிகளில் அடிபட்ட கையோடு கொடுத்துப் பலன் பார்த்தது இதனால்தான். இரண்டு வருடம் கழித்து அந்தச் சாளரம் மூடிவிட்டது. மிச்சம் இருப்பது வலியை நிலைநிறுத்தும் பின்கட்டம்.

கார்பினாக்சலோனுக்கு வருவோம். அது அதிமதுரத்திலுள்ள கிளிசிர்ரெட்டினிக் அமிலத்தோடு சக்சினிக் அமிலம் சேர்த்துச் செய்தது. ஒரு காலத்தில் வயிற்றுப்புண்ணுக்கு மாத்திரையாகவே விற்றது. ஆய்வுக் கருவியாக அது ரொம்ப அழுக்கான மருந்து. கேப் ஜங்ஷனையும் அடைக்கும், ஹெமிசேனலையும் அடைக்கும், அதைவிடக் குறைந்த அளவிலேயே பேனெக்சின் என்ற வேறு புரதத்தின் கால்வாயை அடைக்கும், நியூரானின் கால்சியம் கால்வாய்களையும் தொடும். எனவே "கார்பினாக்சலோன் கொடுத்ததும் வலி போனது, ஆகவே கேப் ஜங்ஷன்தான் காரணம்" என்ற வாக்கியத்தை எங்கே பார்த்தாலும் சந்தேகப்படுங்கள். மலேரியா மருந்தான மெஃப்ளோகுயினும் கேப் ஜங்ஷனை அடைப்பதுதான். அதன் மனநல, நரம்புப் பக்கவிளைவுகளுக்காக அமெரிக்க மருந்துத் துறை 2013-ல் கறுப்புக் கட்ட எச்சரிக்கை, அதாவது அதன் மிகக் கடுமையான எச்சரிக்கை, போட்டது. டோனாபெர்சாட் என்ற இன்னொன்று ஒற்றைத் தலைவலியில் சோதிக்கப்பட்டது. தலைவலிக்கு முன்வரும் கண் மின்னல்கள் குறைந்தன, தலைவலி குறையவில்லை. தண்டுவடக் காய வலிக்கென்று மருத்துவமனையில் எழுதித் தரும் கனெக்சின் மருந்து எதுவும் இன்று இல்லை.

அதிமதுரப் பொடி தண்டுவடத்தை எட்டுமா என்று கணக்கே போட்டுப் பார்க்கலாம். ஒரு டீஸ்பூன் பொடி சுமார் 3 கிராம். அதில் கிளிசிர்ரைசின் என்ற இனிப்புப் பொருள் 4 சதவீதம் என்று வைத்தால் 120 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுக் குழு தினசரி மேல் வரம்பாகச் சொன்னது 100 மில்லிகிராம். குடல் பாக்டீரியா அதை உடைத்துக் கிளிசிர்ரெட்டினிக் அமிலமாக்கும். ரத்தத்தில் அது பெரும்பகுதி ஆல்புமினோடு ஒட்டிக்கொள்ளும். செல் வளர்ப்புத் தட்டில் கேப் ஜங்ஷனை அடைக்கக் கார்பினாக்சலோன் 100 மைக்ரோமோலார் அளவு போடுகிறார்கள். எலிக்கு ஊசி வழியாக நேரே தண்டுவட நீரில் விடுகிறார்கள். சாப்பிட்ட பொடியிலிருந்து அந்த அளவு தண்டுவடத்துக்குப் போய்ச் சேரவே சேராது.

ஆனால் சிறுநீரகத்தைச் சேரும். அங்கே கார்டிசோல் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் 11-பீட்டா-எச்எஸ்டி2 என்ற நொதியைத் தடுக்க அதே அமிலம் நானோமோலார் அளவிலேயே போதும், அதாவது தட்டில் போடுவதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. நொதி நின்றால் கார்டிசோல், உப்பைத் தங்கவைக்கும் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோன் போல வேலை செய்யும். உடலில் உப்பும் நீரும் தங்கும், ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் சிறுநீரில் கொட்டும். கருவாடும் உப்புக்கண்டமும் தினம் தட்டில் இருக்கும் கடலோர வீட்டில் இது இன்னும் வேகமாகத் தெரியும். பொட்டாசியம் குறைந்தால் தசைகள் தளரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், குடல் மந்தமாகும். தண்டுவடக் காயத்தில் ஏற்கெனவே மலச்சிக்கல் பெரும் பிரச்சினை, மலம் கட்டினால் கால் எரிச்சலும் கூடும். வலி குறையக் கொடுத்த பொடி வலியைக் கூட்டும் பாதை இதுதான். தொண்டைக் கரகரப்புக்கு ஒரு சின்னத் துண்டு அதிமதுரம் வாயில் போட்டுக்கொள்வதைப் பற்றி நான் பேசவில்லை, மாதக்கணக்கில் தினமும் ஸ்பூன் கணக்காகக் கொடுப்பதைப் பற்றிச் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்வி, ஆய்வகம். தண்டுவடத்தை 300 முதல் 400 மைக்ரோமீட்டர் சீவலாக வெட்டி, ஒற்றை ஆஸ்ட்ரோசைட்டில் கண்ணாடி ஊசியால் சாயம் ஏற்றி எத்தனை செல்லுக்குப் பரவுகிறது என்று எண்ணுவதுதான் முறையான சோதனை. அதற்குச் சீவல் வெட்டும் வைப்ரடோம், ஒற்றைச் செல்லில் மின்னோட்டம் அளக்கும் பேட்ச் கிளாம்ப் எல்லாம் வேண்டும். கல்லூரி அளவில் முடியக்கூடியது, கீறிச் சாயமேற்றும் முறை. அதற்கும் ஃப்ளோரசென்ஸ் நுண்ணோக்கி, செல் வளர்ப்பு வசதி, நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி மூன்றும் கட்டாயம். மண்டபம் கரையில் இறாலும் கணவாயும் தாராளமாகக் கிடைக்கிறதே என்று அதில் இறங்க வேண்டாம். முதுகெலும்பில்லாதவற்றில் கேப் ஜங்ஷன் உண்டு; ஃபர்ஷ்பானும் பாட்டரும் 1959-ல் நியூரான்களுக்கு இடையே மின்சாரம் நேரே பாயும் மின் சினாப்ஸைக் காட்டியதே, இறாலுக்கு உறவான கிரேஃபிஷ் என்ற நன்னீர் உயிரியில்தான். ஆனால் அவற்றின் புரதம் இன்னெக்சின், கனெக்சின் அல்ல. கனெக்சின் 43-ஐ அடையாளம் காட்டும் ஆன்டிபாடி அங்கே வேலைக்கு ஆகாது. மீனில் கனெக்சின் உண்டு.

முறை இப்படி. பிறந்து ஒன்று முதல் மூன்று நாளான எலிக்குட்டியிலிருந்து எடுத்த ஆஸ்ட்ரோசைட்டுகளைத் தட்டின் அடி முழுக்க மூடும்வரை, சுமார் இரண்டு வாரம், வளர்க்க வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் மைக்ரோகிளியாவைத் தட்டைக் குலுக்கி நீக்கிவிட வேண்டும். பிறகு ஊடகத்தைக் கழுவி, மில்லிக்கு அரை மில்லிகிராம் லூசிஃபர் யெல்லோ என்ற மஞ்சள் சாயமும், அதோடு 10,000 டால்டன் ரோடமின் டெக்ஸ்ட்ரான் என்ற சிவப்புச் சாயமும் கலந்த கரைசல் விட்டு, கூரான பிளேடால் ஒரே கோடு கீற வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து நன்றாகக் கழுவி 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்தலாம். கீறிய செல்களில் சிவப்பும் மஞ்சளும் இருக்கும். டெக்ஸ்ட்ரான் கேப் ஜங்ஷனுக்குள் நுழைய முடியாத பெரிய மூலக்கூறு, அதனால் சிவப்பு அங்கேயே நிற்கும். மஞ்சள் மட்டும் தாண்டிப் போன தூரமே அளவு. இன்னொரு தட்டில் முன்கூட்டியே 100 மைக்ரோமோலார் கார்பினாக்சலோனைக் கால் மணிநேரம் வைத்துக் கீறினால் மஞ்சள் கோட்டோடு நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் மற்ற தட்டுகளின் முடிவையும் நம்ப வேண்டாம்.

கெடும் இடங்கள் சில. தட்டு முழுக்க மூடாமல் செல்கள் இடைவெளி விட்டிருந்தால் இணைப்பே இருக்காது, மருந்து அடைத்துவிட்டது என்று தப்பாக எழுதுவீர்கள். ஒரு தட்டுக்கு ஐந்து நிமிடம், மறு தட்டுக்கு எட்டு நிமிடம் என்று நேரம் மாறினால் தூரமும் மாறும். மழுங்கிய பிளேடு செல்களைக் கிழிக்காமல் தட்டிலிருந்து உரித்து எடுத்துவிடும். வெட்டுப்பட்ட செல்லுக்குள் கால்சியம் பாய்ந்தால் கேப் ஜங்ஷன் தானே மூடிக்கொள்ளும், அதனால் பலர் கால்சியம் இல்லாத கரைசலில் கீறுவார்கள். அங்கேதான் பொறி. கால்சியம் இல்லாவிட்டால் ஹெமிசேனல் திறக்கும், சாயம் பக்கத்துச் செல் வழியாக வராமல் வெளியிலிருந்தே நேராக உள்ளே போய்விடும். இரண்டையும் பிரிக்க, கீறாத தட்டில் எத்திடியம் சாயத்தை மட்டும் விட்டு எவ்வளவு உள்ளே போகிறது என்று பாருங்கள். லாந்தனம் சேர்த்தால் ஹெமிசேனல் மூடும், கேப் ஜங்ஷன் மூடாது. எத்திடியம் டிஎன்ஏ-வோடு ஒட்டும் பொருள், கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

இன்னொன்று, ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது. கனெக்சின் 43 ஆன்டிபாடி போட்டுத் திசு பளிச்சென்று தெரிந்தால் இணைப்பு கூடிவிட்டது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். இந்தப் புரதத்தின் அரை ஆயுள் சில மணிநேரம்தான். எப்போதும் செய்வதும் கழிப்பதுமாக இருக்கும். எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு விஷயம், எங்கே இருக்கிறது, பாஸ்பேட் ஒட்டியிருக்கிறதா என்பது வேறு. செரின் 368-ல் பாஸ்பேட் ஏறினால் கால்வாய் வழியே ஓட்டம் குறையும். புரதங்களை எடைப்படி பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் 41 முதல் 45 கிலோடால்டனுக்குள் இரண்டு மூன்று பட்டைகள் தெரிவது பாஸ்பேட் ஒட்டுவதால்தான். சாயம் பரவியதைக் காட்டாமல் புரத அளவை மட்டும் காட்டும் கட்டுரையிலிருந்து இணைப்பைப் பற்றி எந்த முடிவும் எடுக்க முடியாது.

அப்பாவுக்கு இப்போது செய்யக்கூடியவை இந்த ஆய்வைவிடச் சாதாரணமானவை, ஆனால் பலன் தருபவை. எரிச்சல் திடீரென்று கூடினால் மருந்தைக் கூட்டும் முன் சிறுநீர்க் கிருமித் தொற்று, மலம் கட்டியிருப்பது, பிட்டத்திலோ குதிகாலிலோ படுக்கைப்புண், கால் நகம் சதைக்குள் வளர்வது இவற்றைப் பாருங்கள். உணர்ச்சி இல்லாத இடத்தில் இவை வலியாகத் தெரியாது, எரிச்சல் கூடுவதாகவே தெரியும். பிரிகாபாலின் பாதி கேட்கிறது என்றால் அளவு போதுமா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது, அமிட்ரிப்டிலின் போல இன்னொன்று சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அமிட்ரிப்டிலின் மலச்சிக்கலையும் சிறுநீர் அடைப்பையும் கூட்டக்கூடியது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிரிகாபாலினை எந்தக் காரணத்துக்கும் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பொடியை ஏற்கெனவே சில வாரமாகக் கொடுத்து வந்திருந்தால் இன்றே நிறுத்திவிட்டு, ரத்த அழுத்தம் பார்த்து, ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் சோதித்துவிடுங்கள். அரசு மருத்துவமனையிலேயே முடியும். நிறுத்திய மறுநாளே எல்லாம் சரியாகாது, சிறுநீரக நொதி பழைய நிலைக்கு வர ஓரிரு வாரம் கூட ஆகலாம். அதனால் முதல் சோதனை சரியாக இருந்தாலும் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். இதற்கிடையே படபடப்போ, கைகளில் புதிதாகத் தளர்ச்சியோ தெரிந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போய், அதிமதுரம் சாப்பிட்டதை முதலிலேயே சொல்லி, ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.